மார்க்கா, மாரியா?

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கேளாத நடுவர் என்று என்னை எழுதியவர்களும் பேசியவர்களும் உண்டு. கேட்கவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டது என்ன என்பதில்தான் என் நிம்மதி போனது.

பன்னிரண்டு வருடம் நான் ரக்பி நடுவராக இருந்தேன். வார நாட்களில் கந்தோரில் கோப்பு எழுதும் இலிகிதர் வேலை, சனிக்கிழமைகளில் கழுத்தில் விசில். கண்டிக்கு ஒட்டிய மஹய்யாவையில் எங்கள் சந்தில் பிறந்த ஒருவன் கண்டி மைதானத்தின் நடுவில் நின்று முப்பது முரடர்களை ஒரே ஊதலில் நிறுத்துகிறான் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. அந்தப் பெருமையை நான் மறைத்ததும் இல்லை. சனிக்கிழமை காலையில் காலுறையை முழங்கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு சந்தின் முழு நீளத்துக்கும் நடந்துதான் பஸ்ஸுக்குப் போவேன். குறுக்கு வழி இருந்தது. அதில் போகமாட்டேன்.

கண்டியில் ரக்பியைப் பற்றிப் பேசத் தகுதி எதுவும் வேண்டாம். பேச்சில் எல்லாருக்கும் அது ரகர். மரக்கறிக் கடைக்காரருக்கும் ரகர் தெரியும், பஸ் கண்டக்டருக்கும் தெரியும், பல் பிடுங்கும் டொக்டருக்கும் தெரியும். சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. எனக்கோ முன்கோபம். யாராவது வாதாட வந்தால், “எத்தனையாவது விதி, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டு வாயை அடைத்து அனுப்பிவிடுவேன். என் மனைவி இதைத் திமிர் என்பாள். நான் ஒழுங்கு என்பேன்.

நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். எதிரணி உயரமாக உதைத்த பந்தை, தன் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவன் நிலத்தில் விழவிடாமல் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கும்போதே அவன் ‘மார்க்’ என்று கத்தலாம். கத்தினால் நடுவர் உடனே ஊத வேண்டும். ஆட்டம் நின்றுவிடும், யாரும் அவனைத் தொடக்கூடாது, அவன் ஆறுதலாகப் பந்தைக் கீழே வைத்து மூச்சு வாங்கிவிட்டு, பிறகு எடுத்து உதைத்து வெளியே அனுப்பலாம். கத்தாவிட்டால் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சத்தத்தை எழுப்பிய ஆட்டக்காரன் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், இருபத்தைந்து வயது. மனைவிக்கு ஏழு மாதம். குண்டசாலையில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் தற்காலிக வேலை. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவனுடைய காலும் கையும்தான். கம்பெனிக்குச் சொந்தமாக ஓர் அணி இருந்தது. நன்றாக விளையாடுகிறவனை ஏதாவது ஒரு மூலையில் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் நிரந்தரமாக்குகிறோம் என்று அவனிடம் வாயால் சொல்லியிருந்தார்கள். அவனும் அவன் மனைவியும் அந்த ஒரு வாக்கை நம்பித்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் கையிலிருந்து தட்டு நழுவினால் “மாரி!” என்பார்கள். குழந்தை தடுக்கினால் “மாரி!” பஸ் திடீரென்று பிரேக் போட்டால் “மாரி!” கோயில் சந்தின் முனையிலேயே இருப்பதால் ஆத்தா எப்போதும் கூப்பிடு தூரத்தில்தான். இவனுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றியிருந்தது. பந்து மேலே போனதிலிருந்து கையில் விழும்வரை உதடு “மாரி, மாரி” என்று அடித்துக்கொண்டே இருக்கும். அவன் விளையாடிய இரண்டு ஆட்டங்களுக்கு நான் அதற்குமுன் நடுவராக இருந்திருக்கிறேன், என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஒருநாள் தண்ணீர் பிடிக்குமிடத்தில் அவனைக் கண்டபோது, “ஆத்தாவக் கொஞ்சம் மெதுவாக் கூப்புடுப்பா, மார்க்குன்னு நெனச்சு நான் ஊதிறப் போறேன்” என்றேன். சிரித்தான். “ரெண்டும் காப்பாத்துறதுதானேண்ணே” என்றான்.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். நடுவர் நான். ஆடுகிறவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று நான் நடுவர் சங்கத்தில் சொல்லவில்லை. கண்டியில் யார் யாருக்குப் பக்கத்து வீடில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நிமிடம். அவனுடைய அணி மூன்று புள்ளி முன்னால் நின்றது. மழை பெய்து விட்ட புல், சறுக்கல். பார்வையாளர் பக்கம் இரண்டு பப்பரே பாண்ட் ஒன்றோடொன்று போட்டி போட்டு மேளமும் ட்ரம்பெட்டுமாக ஊரைப் பிளந்துகொண்டிருந்தது. எதிரணி வேறு வழியில்லாமல் பந்தை வானத்துக்கு உதைத்தது. அவன் தன் கோட்டுக்கு முன்னால் நாலைந்து அடியில் நின்றான். நான் அவனிடமிருந்து பத்தடியில் நின்றேன். பந்து இறங்கியது, நெஞ்சோடு சேர்த்து அழகாகப் பிடித்தான். பிடிக்கும்போது அவன் வாயிலிருந்து “மா” என்று தொடங்கி ஒரு சத்தம் வந்தது. அதன் வாலை மேளம் தின்றுவிட்டது.

விசில் என் பல்லுக்கிடையில்தான் இருந்தது. ஊதவில்லை. மாரி என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியாது, அவ்வளவு சுலபமாக அது நடந்தது.

அவன் ஓடவில்லை. பந்தைப் புல்லில் வைத்தான். இரண்டடி பின்னால் போய் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். ஆட்டம் முடிந்தது, வென்றுவிட்டோம் என்கிற ஆசுவாசம் அந்த முகத்தில் இருந்தது. எதிரணியில் வேகமாக ஓடும் ஒருவன் வந்து, சந்தையில் விலை கேட்காமல் எடுப்பதைப் போல அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கம்பங்களுக்கு நடுவில் வைத்தான். அப்போதுதான் நான் ஊதினேன். கையைத் தூக்கி, ட்ரை என்று காட்டினேன்; எதிரணிக்கு ஐந்து புள்ளி, அவனுடைய அணி தோற்றது.

மைதானத்தில் எல்லாரும் என்னை ‘சேர்’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவன் ஓடிவந்து அத்தனை பேருக்கு முன்னால், “அண்ணே! மார்க் சொன்னேனேண்ணே!” என்று தமிழில் கத்தினான். மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் அது கேட்டது. “ஆட்டம் தொடர்ந்தது. நீ மார்க் கேக்கல” என்றேன். என் குரல் உறுதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

பிறகு ஊர் கதைக்கத் தொடங்கியது.

யாரோ ஒரு பையன் கைத்தொலைபேசியில் பிடித்த படம் இரண்டு நாளில் எல்லாருடைய கையிலும் இருந்தது. அதில் அவன் முகம் நன்றாகத் தெரிகிறது, வாய் திறப்பது தெரிகிறது. சத்தம் முழுக்க மேளம். சிங்கள ஆட்களுக்கு அதில் குழப்பமே இல்லை. வாய் திறந்தான், மார்க் என்றான், தமிழ் ரெஃப்ரி ஊதவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மாரி என்றார்கள், பாதிப்பேர் மார்க் என்றார்கள். நான் முடிவெட்டப் போன சலூனில் நாலு பெரிய மனிதர்கள் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நின்று “மார்க்... மாரி... மார்க்... மாரி” என்று தங்கள் உதட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறுநாளாக இருந்தால் சிரித்திருப்பேன். உதடு இரண்டுக்கும் ஒரேமாதிரிதான் திறக்கிறது. வித்தியாசம் முழுக்க வாய்க்குள்ளே நடக்கிறது, அங்கே எந்தக் கமெராவும் போகாது. மூலைக் கதிரையில் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி உட்கார்ந்திருந்த என்னைக் கண்ணாடியில் கண்டதும் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சலூன்காரர் மட்டும் கத்தரியை நிறுத்தி, “நீங்களே சொல்லிருங்க சேர், என்னா கேட்டுச்சு?” என்றார். “வெட்டுறத வெட்டுங்க” என்று எரிந்து விழுந்தேன்.

இந்த விவாதமெல்லாம் எனக்குத் தலைவலிதான். அவனுக்குக் கழுத்தில் கத்தி. கம்பெனியில் அவனிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். மார்க் சொல்லாமல் பந்தைக் கீழே வைக்க நீ என்ன மடையனா, இல்லையென்றால் எதிரணியிடம் கைநீட்டினாயா என்று. கைநீட்டிவிட்டான் என்ற பேச்சு ஸ்டோரில் பரவியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் மேசைக்கு யாரும் வருவதில்லையாம். நடுவர் சங்கத்துக்குக் கம்பெனி முறைப்பாடு எழுதியது. விசாரணையில் நடுவரின் பிழை என்று வந்தால் அவன் நிரந்தரம். அவன் மார்க் சொல்லவில்லை என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். மேலாளர் சுற்றி வளைக்காமல் இதை அவனிடம் சொல்லிவிட்டார்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் காலையில் நான் கதவைத் திறக்கும்போது அவன் படிக்கட்டில் நின்றான். முதல்நாள் அவனுக்குக் கோபம். “நான் மார்க்குன்னுதான் சொன்னேன். ஒங்களுக்குக் கேட்டுச்சு, எனக்குத் தெரியும். என்னையப் பாத்தீங்கதானே?” என்றான். எனக்கும் கோபம் வந்தது. “விளையாட்டு தெரிஞ்சவன் விசில் கேட்டுத்தான் பந்த வப்பான்” என்று திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் அவனிடம் கோபமும் இல்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம் பக்கத்தில் நடந்து வந்தான். “அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒரே ஒரு வார்த்த.” கண் குழிவிழுந்திருந்தது. சவரம் செய்யாத முகம். ஆள் பார்க்கிறார்களே என்று நான் எட்டி நடந்தேன், அவனும் எட்டி நடந்தான். மைதானத்தில் யாராலும் பிடிக்க முடியாத காலை வைத்துக்கொண்டு என் பின்னால் அப்படி ஓடிவந்தான். சீ என்று போனது எனக்கு, அவனை நினைத்தல்ல.

என்னுடைய அவஸ்தை என்னவென்றால், எனக்கே தெரியவில்லை. ஆட்டம் முடிந்த அன்றைக்கு என்னைத் தட்டி எழுப்பிக் கேட்டிருந்தாலும் மாரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சத்தத்தை நான் மண்டைக்குள் ஆயிரம் தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். பஸ்ஸில் கேட்டேன், கந்தோரில் கோப்பை விரித்துவைத்துக்கொண்டு கேட்டேன், குளிக்கும்போது கேட்டேன். கேட்கக் கேட்க அது தேய்ந்துபோனது. மாரி என்று நினைத்துக் கேட்டால் மாரி, மார்க் என்று நினைத்துக் கேட்டால் மார்க். என் காதே எனக்குச் சாட்சி சொல்ல மறுத்தது. பன்னிரண்டு வருடம் அந்தக் காதை நம்பித்தான் நான் மனிதர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன், வெற்றிதோல்வி எழுதியிருக்கிறேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதற்குமுன் சொன்னதெல்லாம்?

“ஒங்களுக்கு என்னா கேட்டுச்சோ அத எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாச் சோத்தத் தின்னுங்க” என்றாள் என் மனைவி.

“எனக்கு என்னா கேட்டுச்சுன்னு எனக்கே தெரியலடி.”

“இத மட்டும் வெளிய போய்ச் சொல்லிறாதீங்க” என்றாள்.

விசாரணைக்கு முந்தின வியாழக்கிழமை பின்னேரம் அவனுடைய மனைவி வந்தாள். அவள் அதற்குமுன் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. நாலு வீட்டுத் தூரத்துக்கே மூச்சு வாங்கியது. கதிரையை இழுத்துப் போட்டேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். என் மனைவி கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள், காலில் விழப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

“அவரு சோறு திங்குறாரில்லண்ணே. அதச் சொல்ல வரல. ஒன்னு கேக்கணும்.”

“கேளும்மா.”

“அன்னைக்கு சிங்கள ரெஃப்ரி ஒருத்தரு இருந்திருந்தா ஊதியிருப்பாருதானே?”

அவளே தொடர்ந்தாள்.

“அவங்களுக்கு மா-ன்னு கேட்டா மார்க்குதான். வேற ஒன்னும் வராது. ஒங்களுக்கு மட்டுந்தானே ஆத்தா நெனப்பு வரும்? நம்ம ஆளா இருந்தனாலதான ஊதல நீங்க?” குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. விலாசம் விசாரிப்பதைப் போலத்தான் கேட்டாள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் சொன்னது உண்மை. வேறு எவன் அந்த இடத்தில் நின்று “மா” என்றிருந்தாலும் ஊதியிருப்பேன். இவன் என்பதால்தான், இவனுடைய வாய்ப்பழக்கம் எனக்குத் தெரியும் என்பதால்தான், ஊதாமல் விட்டேன். மார்க்கோ மாரியோ, எல்லாருக்கும் கொடுக்கிற ஒன்றை இவனுக்கு மட்டும் நான் கொடுக்கவில்லை. ஒரு நடுவருக்கு அதைவிட வேறு பிழை என்ன இருக்கிறது? அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஆட்டக்காரர் மார்க் என்று அழைத்தார், எனக்குக் கேட்டது, நான் அதை வேறொரு சொல்லாக எடுத்துக்கொண்டு ஊதத் தவறினேன். மூன்று வரிதான். எழுதி முடித்ததும் பேனையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். ஏனென்றால் ‘மார்க் என்று அழைத்தார்’ என்ற முதல் வரியை நான் நிச்சயமாக அறிந்து எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்துக்கு மேலே இருக்கும் அறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

“வேறொரு சொல் என்றால், என்ன சொல்?”

“மாரி.”

“அது என்ன?”

“எங்கள் தெய்வம் சேர். ஏதாவது விழும்போது கூப்பிடுவோம்.”

மூன்று பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள்; ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றான், தலையை நிமிர்த்தவில்லை.

“அவன் கூப்பிடுவான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறான்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதை ஆட்டத்துக்கு முன்னால் எங்களிடம் சொன்னீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மற்றவர்களோடு அவர் கலந்து பேசப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆட்டத்தின் முடிவு மாறாது, மைதானத்தில் நடுவர் சொன்னது சொன்னதுதான். ஆனால் பிழை நடுவருடையது, ஆட்டக்காரர்மீது குற்றமில்லை என்று கம்பெனிக்கு எழுதுவார்கள். என்னுடைய பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். தலைவர் எழுந்து கை கொடுத்தார். “நேர்மையாகச் சொன்னீர்கள்” என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பதினொரு மணி வெயில் கண்ணைக் குத்தியது. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பந்தைத் தவறவிட்டான். பந்து கையில் பட்டு முன்னால் போய்விட்டது, பிழை என்று எனக்குள்ளே விசில் ஊதியது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். எட்டு மணிக்கு எழுந்தேன், ஒன்பதுக்கு மறுபடி படுத்தேன். மைதானத்து மேளம் மஹய்யாவை வரைக்கும் கேட்காது. கேட்கிறது என்று நான் சாதித்தேன். மனைவி வானொலியைச் சத்தமாக வைத்தாள். சந்தில் சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள், சிலர் வேண்டுமென்றே பெரிய வணக்கம் வைத்தார்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில், போட்டுக்கொள்ள ஓர் ஆடை இல்லாதவனைப் போல ஆகிவிட்டேன். கந்தோரில் இருக்கிற இலிகிதரை யாருக்கும் தெரியாது. எனக்கே அவனை அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அவனுக்கு நிரந்தரக் கடிதம் கிடைத்தது. சந்தில் எல்லாருக்கும் சொன்னார்கள். என் வீட்டுக்கு மட்டும் அவன் வரவில்லை. நன்றி கெட்ட பயல் என்று நான் வாய்விட்டுத் திட்டினேன். மனைவி, “வருவான், சும்மா இருங்க” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலைவிட்டு வந்த உடுப்போடே வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. “கொஞ்சம் வெளிய வாங்கண்ணே” என்று கூப்பிட்டு, ரயில் பாதைக்கு இறங்குகிற படிக்குக் கூட்டிப் போனான். முகம் விசாரணைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாக இருந்தது.

“கடிதம் கெடச்சிச்சுதானே? பிறகென்ன?” என்றேன்.

“நேத்து ஸ்டோர்ல மேல் தட்டுலேர்ந்து ஒரு பெட்டி சரிஞ்சிச்சுண்ணே. கனமான பெட்டி. எப்புடியோ நெஞ்சோட சேத்துப் புடிச்சிட்டேன்.”

“சரி.”

“புடிக்கிறப்ப மாரின்னேன்.”

“நீ எப்பவும் சொல்றதுதானே?”

“இல்லண்ணே. அந்த மாரி வாய்லேர்ந்து வந்தவுடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கும் இதேதான் வந்துச்சு. இதே மாதிரி, இதே எடத்துலேர்ந்து.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். “மார்க் சொல்லணும், மார்க் சொல்லணும்னு பந்து மேல போனதுலேர்ந்து நெனச்சிக்கிட்டே நின்னேன். நெனச்சதச் சொல்லிட்டேன்னு நம்பிட்டேன். பொய் சொல்லலண்ணே. ஆத்தா மேல சத்தியமாப் பொய்யின்னு நெனச்சுச் சொல்லல. ஆனா நான் மார்க் சொல்லல.”

முதலில் எனக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். என் காது சரி. பத்தடி தூரத்தில், மேளத்துக்கு நடுவில், என் காது சரியாகக் கேட்டிருக்கிறது. கத்த வேண்டும்போல இருந்தது. சலூனுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒரு மூச்சு எடுத்துவிடுகிற நேரம் அந்தச் சந்தோஷம் இருந்திருக்கும். பிறகு, சரியாகக் கேட்ட ஒன்றைப் பிழை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கக் கை வந்தது. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாத்தளைக்குப் போகிற ரயில் கீழே போனது.

“நாளைக்கே சங்கத்துல போய்ச் சொல்லிர்றேன்” என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. “பிழை ஒங்களோடது இல்லன்னு சொல்றேன். விசிலத் திருப்பித் தருவாங்க. நெசமாண்ணே, நான் சொல்றேன்.”

“சொன்னா ஒனக்கு?”

“என்னத்த இருக்கு. தோட்டத்துக்குத் திரும்பிப் போறோம்.”

அவன் சொல்வான். இப்போதே போகச் சொன்னாலும் போவான். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், நாளைக்கு அவனே போய்விடுவான், எனக்கு என் சனிக்கிழமைகள் திரும்பக் கிடைக்கும். அந்த ஆசை எனக்கு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாத நேரம் அது. மேலே, அவர்களுடைய அறை வாசலில், அவன் மனைவி இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பேச்சு எதைப் பற்றி என்று அவளுக்குத் தெரியாது.

“நீ மார்க்குன்னுதான் சொன்னே” என்றேன்.

“இல்லண்ணே—”

“எனக்குக் கேட்டுச்சு.”

“அண்ணே, நான் சொல்றதக் கொஞ்சம்—”

“ரெஃப்ரி நானா, நீயா?”

அவன் என்னைப் பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“நீங்கதாண்ணே” என்றான்.

“அப்ப வீட்டுக்குப் போ.”